தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன்கள்: எங்கே தொடங்குவது, எப்படிக் கைமாற்றுவது – முழுமையான வழிகாட்டி

ஆறு வயதுக் குழந்தைக்கு எதற்கு இப்போதே வேலை, தொழில் என்ற பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. இன்னொரு பக்கம் கோடிங், அபாகஸ், மேடைப்பேச்சு, ஆளுமை வளர்ச்சி என்று வாரத்தின் எல்லா மாலைகளையும் நிரப்பிவிட்டு, பிள்ளை எதிர்காலத்துக்குத் தயாராகிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. இந்த வழிகாட்டி இரண்டு தரப்புக்கும்தான்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றிய புலம்பல் பெரும்பாலும் பாட அறிவைப் பற்றியதாக இருக்காது. சொன்ன நேரத்தில் முடிப்பதில்லை, முடியாது என்று தெரிந்தும் முன்கூட்டியே வாய் திறப்பதில்லை, தப்பைச் சுட்டிக்காட்டினால் முகம் தொங்கிவிடுகிறது, எதையும் சொல்லிச் சொல்லித்தான் செய்யவைக்க வேண்டியிருக்கிறது என்று போகும் அந்தப் பட்டியல். இதெல்லாம் இருபத்திரண்டு வயதில் திடீரென்று முளைப்பதில்லை. நினைவூட்ட ஒருவர், முடித்துக்கொடுக்க ஒருவர், சரிபார்க்க ஒருவர் என்று கூடவே ஆள் இருந்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்த ஆட்கள் இல்லாத முதல் இடம் அலுவலகமாக அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்லவருவது ஒரே ஒரு விஷயம். குழந்தையின் நாளில் புதிதாக ஒரு வகுப்பைச் சேர்ப்பதற்கு முன்னால், அவர்களுக்காக நாம் செய்துகொண்டிருப்பதில் ஒரு வேலையை, தலையிலிருந்து வால் வரை முழுசாக, அவர்கள் கையில் கொடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதை எப்படிச் செய்வது, அதிலிருந்து மற்ற திறன்கள் எப்படிக் கிளை விடும் என்பது பற்றித்தான். வயது என்று பார்த்தால் ஆறு முதல் பத்து வரை.

தொடங்கும் முன்: அந்தப் பத்துத் திறன்கள்

வாழ்க்கைத் திறன் என்று தேடினால் பத்து திறன்கள் கொண்ட ஒரு பட்டியல் உங்கள் கண்ணில் படும். 1990களில் உலக சுகாதார நிறுவனம் பள்ளிகளுக்காக வெளியிட்ட ஆவணத்திலிருந்து வந்தது அது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், படைப்பாக யோசித்தல், ஆராய்ந்து யோசித்தல், தெளிவாகப் பேசுதல், மற்றவர்களோடு பழகுதல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று பார்த்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல். நல்ல பட்டியல்தான். ஆனால் இதைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, வாரத்துக்கு ஒன்று என்று பாடமாக நடத்துவதைப் பார்க்கும்போது எனக்கு அலுப்பாக இருக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு 'முடிவெடுத்தல்' என்று தனியாக ஒன்று இல்லை, இந்தச் சனிக்கிழமை என்ன செய்வது என்ற குழப்பம்தான் இருக்கிறது. பட்டியலைப் பெரியவர்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அதற்காக, தானாக வந்துவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. பள்ளிகளில் சமூக, உணர்வுத் திறன்களைக் கற்பிக்கும் 213 திட்டங்களை, மொத்தம் 2,70,034 மாணவர்கள் பங்கேற்றவை, ஜோசப் டர்லாக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பங்கேற்ற மாணவர்களின் படிப்பும் சேர்ந்தே முன்னேறியிருந்தது. நல்ல பலன் தந்த திட்டங்களில் நான்கு விஷயங்கள் இருந்தன: படிப்படியாகப் போவது, குழந்தை கையால் செய்து பழகுவது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, இன்ன திறனைத்தான் கற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வது. ஆண்டுக்கு ஒருமுறை சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டு நடத்தும் நிகழ்ச்சியில் இந்த நான்கில் எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

எதையும் மாற்றவேண்டாம். காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை குழந்தைக்காக நீங்கள் செய்வதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். எழுப்புவது, சீருடையை எடுத்து வைப்பது, தண்ணீர் பாட்டிலை நிரப்புவது, பென்சில் சீவுவது, நாளைக்கு என்ன ஹோம்வொர்க் என்று வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு பெற்றோரிடம் கேட்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சண்டை வந்தால் போய்த் தீர்ப்பது. பட்டியல் நீளும், அதைப் பார்த்துக் குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம். பாதி வேலைகளை நாம் செய்வதற்குக் காரணம் பாசம்கூட இல்லை, காலையில் நேரமில்லை, நாம் செய்தால் சீக்கிரம் முடியும்.

பட்டியலில் எது குழந்தைக்கு இப்போதே முடியும், எது சொல்லிக்கொடுத்தால் முடியும், எது இன்னும் சில வருடங்கள் போகவேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் பிரிவில்தான் நமக்கு வேலை.

படி 2: ஒரே ஒரு வேலை, ஆனால் முழு வேலை

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தடம் மாறுகிறது, அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

புத்தகப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். "பையை அடுக்கிட்டியா?" என்று நாம் கேட்கிறோம், குழந்தை போய் அடுக்குகிறது, அப்புறம் நாம் ஜிப்பைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கிறோம். பிள்ளை தானே பை அடுக்குகிறது என்று வெளியில் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இந்த வேலையில் மூன்று பாகம் இருக்கிறது. செய்யவேண்டும் என்று நினைவுக்கு வருவது ஒன்று, செய்வது ஒன்று, சரியாக முடிந்ததா என்று பார்ப்பது ஒன்று. குழந்தையிடம் இருப்பது நடுப்பாகம் மட்டும்தான், தலையும் வாலும் இன்னும் நம்மிடம்தான். பின்னாளில் அலுவலகத்தில் 'பொறுப்பு' என்று எதைக் கேட்கிறார்களோ அது அந்தத் தலையிலும் வாலிலும்தான் இருக்கிறது.

தலையைக் கைமாற்றுவது எப்படி? ஆறு ஏழு வயதுப் பிள்ளையிடம் 'ஞாபகம் வெச்சுக்கோ' என்று சொல்லிப் பயனில்லை, ஏற்கனவே தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்றோடு புது வேலையை முடிச்சுப் போடவேண்டும். இரவு பல் தேய்த்ததும் பை. பள்ளிவிட்டு வந்து ஷூவைக் கழற்றியதும் ஹோம்வொர்க் டைரி மேஜைக்கு வரவேண்டும். 'இது நடந்தால் உடனே இதைச் செய்வேன்' என்று இப்படி முன்கூட்டியே தீர்மானித்துவைப்பது வெறும் 'செய்யணும்' என்ற எண்ணத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலேயே காட்டியிருக்கிறார், அது பெரியவர்களுக்கும் பொருந்தும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையாக இருந்தால் படம் வரைந்த சிறு அட்டை ஒன்றைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். படத்தைக் குழந்தையே வரையட்டும், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

வாலுக்கு இன்னும் எளிய வழி உண்டு. மறுநாள் பாட அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு புத்தகத்தையும் விரலால் தொட்டு, வாய்விட்டுப் பெயர் சொல்லவேண்டும். தமிழ், கணக்கு, வரைபட நோட்டு, பென்சில் டப்பா, பாட்டில். தொட்டுச் சொன்னால் விட்டுப்போனது எது என்று அதற்கே தெரிந்துவிடும். நீங்கள் ஜிப்பைத் திறக்கக்கூடாது. குழந்தை தூங்கியபிறகு திருட்டுத்தனமாகத் திறந்து பார்ப்பதும் கணக்கில் சேரும்!

மறந்துவிட்டால்? மறக்கத்தான் செய்யும். ஒரு நோட்டை விட்டுவிட்டுப் போனால் பள்ளிக்கு ஓடிப்போய்க் கொடுக்காதீர்கள். மாலையில் ஒரே ஒரு கேள்வி போதும்: "நாளைக்கு விட்டுப்போகாம இருக்க என்ன பண்ணலாம்?" பிரசங்கம் வேண்டாம், 'நான் அப்பவே சொன்னேன்' வேண்டவே வேண்டாம். மருந்து, உடல் பாதுகாப்பு, வேறொருவருடைய முக்கியமான பொருள் இந்த மூன்றில் மட்டும் இந்த விதியைத் தளர்த்துங்கள். டீச்சரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. 'பையை அவனே பார்த்துக்கொள்ளப் பழக்குகிறோம், சில நாள் ஏதாவது விட்டுப்போகலாம்' என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துழைப்பார்கள், சொல்லாமல் விட்டால் அடி வாங்குவது குழந்தையின் மனசு.

முதல் வேலையாக எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், அது நிஜமான வேலையாக இருக்கவேண்டும், செய்யாவிட்டால் யாருக்காவது கொஞ்சமாவது குறை தெரியவேண்டும். அடிக்கடி வரவேண்டும். முடிந்ததா இல்லையா என்று பார்த்தவுடன் புரியவேண்டும். தவறினால் பெரிய சேதம் இருக்கக்கூடாது. செடிக்குத் தண்ணீர், காய்ந்த துணியில் காலுறைகளை ஜோடி சேர்ப்பது, எல்லோருடைய தண்ணீர் பாட்டில்களையும் நிரப்புவது, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதியைப் பார்த்துக்கொள்வது என்று ஏதாவது ஒன்று.

படி 3: சொல்லிக்கொடுத்துவிட்டு விலகுவது

'எத்தனை தடவை சொல்றது' என்று அலுத்துக்கொள்கிறோமே, பல நேரங்களில் நாம் சொல்லியிருப்போம், செய்துகாட்டியிருக்க மாட்டோம். முதலில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்துகாட்டுங்கள். அடுத்து இருவரும் சேர்ந்து செய்யுங்கள். அப்புறம் குழந்தை செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள், கையை நீட்டாதீர்கள். கடைசியில் அந்த இடத்தைவிட்டே போய்விடுங்கள். டேவிட் வுட், ஜெரோம் ப்ரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையில் பெரியவர்களின் இந்த உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடவேண்டும். நம்மில் பலர் கட்டுவதில் கெட்டி, பிரிப்பதற்குத்தான் மனசு வருவதில்லை.

பல படிகள் உள்ள வேலையாக இருந்தால் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது ஒரு நல்ல உத்தி. ஷூ லேஸ் கட்டுவதில் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டு, இரண்டு காதையும் இழுத்து இறுக்குவதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். 'நான் முடிச்சேன்' என்ற திருப்தி முதல் நாளே கிடைத்துவிடும். அடுத்த வாரம் கடைசி இரண்டு படிகள், அப்படியே பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டே இருக்கலாம். கவனம் சிதறும் பிள்ளைகளுக்கும், சிறப்புத் தேவைகள் உள்ள பிள்ளைகளுக்கும் இது மிகவும் கைகொடுக்கும். அவர்களுக்குப் படிகளை இன்னும் சின்னதாக வெட்டவேண்டும், நாட்கள் கூடுதலாகக் கொடுக்கவேண்டும், மற்றபடி முறை அதேதான்.

குழந்தை மடித்த துணியை அதன் கண்முன்னாலேயே பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். அது பார்க்கிறது.

படி 4: நேரத்தை ஊகிக்கப் பழக்குவது

சீக்கிரம், சீக்கிரம் என்று கத்துவதால் நேர உணர்வு வராது. ஒரு எளிய விளையாட்டு இருக்கிறது. ஒரு வேலையைத் தொடங்கும் முன் "இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லும், ஏழு வயதில் எல்லாமே ரெண்டு நிமிஷம்தான். அதைத் தாளின் ஒரு பக்கம் எழுதுங்கள். முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து உண்மையில் ஆன நேரத்தை, பதினொரு நிமிடமோ என்னவோ, மறுபக்கம் எழுதுங்கள். கிண்டல் வேண்டாம், கருத்தும் வேண்டாம், இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். சில வாரங்களில் ஊகம் தானாக நெருங்கி வருவதைப் பார்ப்பீர்கள்.

இது குழந்தைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே கணக்கிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். பெரிய பெரிய கட்டுமானத் திட்டங்கள் இழுத்துக்கொண்டே போவதற்கும் உங்கள் மகளின் பிராஜெக்ட் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு முடிவதற்கும் ஒரே காரணம்தான்.

ஒன்பது, பத்து வயதில் பின்னாலிருந்து திட்டமிடுவதைச் சொல்லிக்கொடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும் என்றால் வியாழக்கிழமை என்ன முடிந்திருக்கவேண்டும், அதற்குப் புதன்கிழமை என்ன கையில் இருக்கவேண்டும், பசை தீர்ந்துபோயிருந்தால் எப்போது வாங்கவேண்டும். காலண்டரில் குழந்தையே எழுதட்டும். ஒரு நாளைக் காலியாக விட்டுவையுங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் சொதப்பும்.

படி 5: உதவி கேட்கத் தெரிவது

பேச்சுத் திறன் என்றதும் மேடை ஏறிப் பேசுவதைத்தான் நினைக்கிறோம். வேலை செய்யும் இடத்தில் மைக் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். 'எனக்கு இது புரியவில்லை' என்று சரியான நேரத்தில், சரியான ஆளிடம், சரியான விதத்தில் சொல்வது எல்லோருக்கும் தினமும் தேவைப்படுகிறது.

"எனக்கு வரல" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வரும் குழந்தைக்கு உடனே கணக்கைப் போட்டுக் காட்டாதீர்கள். மூன்று கேள்விக்குப் பதில் சொன்னபிறகுதான் உதவி என்று வீட்டில் ஒரு வழக்கம் வையுங்கள்: என்ன செய்யப் பார்க்கிறாய், இதுவரை என்ன செய்து பார்த்தாய், எந்த இடத்தில் நின்றுவிட்டது? முதலில் எரிச்சல்படும், ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பாதிப் பிள்ளைகளுக்கு "ஓ, இரு இரு, கண்டுபிடிச்சிட்டேன்" என்று வந்துவிடும்.

அப்புறம், உங்கள் பிள்ளைக்காக நீங்கள் பேசுவதை நிறுத்துங்கள். டாக்டர் "என்ன பண்ணுது?" என்று குழந்தையைப் பார்த்துக் கேட்கிறார், பதில் நம்மிடமிருந்து வருகிறது. நூலகத்தில் புத்தகம் கேட்பது, டீச்சரிடம் சந்தேகம் கேட்பது, தொலைபேசியில் வந்த சேதியை வாங்கி உரியவரிடம் சொல்வது எல்லாம் அவர்களே செய்யட்டும். கூச்சமுள்ள பிள்ளையாக இருந்தால் என்ன சொல்லப்போகிறோம் என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகலாம், நீங்கள் இரண்டடி பின்னால் நிற்கலாம். தெரியாதவர்களிடம் பேசுவதில் பாதுகாப்பு விதிகளையும் கூடவே சொல்லிக்கொடுங்கள். தைரியமாகப் பேசுவதும் 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்லிவிட்டு நகர்ந்து வருவதும் ஒரே பயிற்சியின் இரண்டு பக்கம்.

படி 6: சேர்ந்து வேலை செய்வது, அதில் வரும் சண்டை

குழு வேலை கொடுத்துவிட்டால் குழுவாக வேலை செய்யக் கற்றுவிடுவார்கள் என்பது நம்பிக்கை மட்டும்தான். நான்காம் வகுப்பில் அடிக்கடி நடப்பது இது:

"டீச்சர், இவன் ஒண்ணுமே செய்யல. நாங்கதான் எல்லாம் வரைஞ்சோம்."

"சரி. இவன்கிட்ட எந்த வேலையைக் கொடுத்தீங்க?"

"..."

"நீ என்ன செய்யறதா இருந்தே?"

"இவங்க எதுவுமே சொல்லல டீச்சர். ஸ்கெட்ச் பேனாவைத் தொட்டா திட்டறாங்க."

இந்த இடத்தில் டீச்சர் தீர்ப்பு சொல்லிவிட்டால் பாடம் போய்விடும். வேலையே பிரிக்கப்படவில்லை என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், இனி பிரிப்பதையும் அவர்களே செய்யட்டும். "ஆளுக்கு என்ன வேலை, எப்ப முடியும், ஒருத்தர் முடிக்கலைன்னா யார்கிட்ட எப்ப சொல்லணும், இதை ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க" என்று அனுப்பினால் போதும். அடுத்தமுறை தொடங்குவதற்கு முன்பே அந்தத் தாளைக் கேளுங்கள்.

வீட்டில் அண்ணன் தங்கை சண்டையிலும் இதே கதைதான். யார் தொடங்கியது என்ற விசாரணையில் இறங்கினால் பொழுது போய்விடும். இருவரையும் மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவையுங்கள். "அவ என்ன சொல்றா? அதை நீ சொல்லு." சொன்னது சரிதான் என்று அவள் ஒத்துக்கொண்டபிறகுதான் இவன் தன் பக்கத்தைச் சொல்லலாம். பொறுமையைச் சோதிக்கும் முறைதான், முதல் சில தடவை நமக்கே சிரிப்பு வரும். ஆனால் ஒத்துப்போகாத ஒருவரோடு உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வரப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

படி 7: தோற்றால், கோபம் வந்தால்

உணர்ச்சி பொங்கும் நேரத்தில் அறிவுரை காதில் ஏறாது, அதனால் பயிற்சியை அமைதியான நேரத்தில் வையுங்கள். கோபம் வருவதற்கு முன் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். காது சூடாகிறது, கை இறுகுகிறது, தொண்டை அடைக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று சொல்லும். அந்த அறிகுறி வந்தால் என்ன செய்வது என்று ஒரே ஒரு காரியத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பது, மூச்சை மெதுவாக விடுவது, 'கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசறேன்' என்று சொல்லிவிட்டு நகர்வது என்று எதுவாகவும் இருக்கலாம்.

பாராட்டும் விஷயத்தில் ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் இருவரும் 1998இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினரை நீ புத்திசாலி என்றும், இன்னொரு பகுதியினரை நன்றாக உழைத்திருக்கிறாய் என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பலர் எளிதாக ஜெயிக்கக்கூடிய புதிர்களையே விரும்பினார்கள், கஷ்டமான புதிர்களில் சறுக்கியபிறகு அதிகம் சோர்ந்தவர்களும் அவர்கள்தான். அதற்காக எதற்கெடுத்தாலும் 'சூப்பர், நல்லா முயற்சி பண்ணினே' என்று வாய்ஜாலம் காட்டினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "ரெண்டாவது தடவை தப்பு வந்ததும் முதல்ல இருந்து படம் போட்டுப் பார்த்தே, அதுதான் வழி காட்டுச்சு." எதைச் செய்ததால் வேலை நடந்தது என்று பிள்ளைக்கும் தெளிவாகும்.

தவறு செய்தால் 'சாரி' வாங்குவதோடு நிறுத்தாதீர்கள், சரிசெய்யவும் வையுங்கள். தண்ணீரைக் கொட்டினால் துடைப்பது, தம்பியின் கோபுரத்தைத் தட்டிவிட்டால் கூட உட்கார்ந்து கட்டிக்கொடுப்பது.

படி 8: பணமும் காத்திருப்பும்

சின்னத் தொகை, குறிப்பிட்ட கிழமை, கணக்கு எழுத ஒரு சிறு நோட்டு, இவ்வளவுதான் தேவை. அந்தப் பணம் அவர்களுடையது. உப்புச்சப்பில்லாத பொம்மையை வாங்கி மறுநாளே உடைந்துபோனாலும் நீங்கள் மறுபடி வாங்கிக் கொடுக்காதவரை அது நல்ல செலவுதான். வழக்கமான வீட்டு வேலைகளுக்குக் கூலி கொடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன், கூலி வேண்டாம் என்றால் வேலையும் வேண்டாம் என்ற பேரம் வந்துவிடும். வேறு கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

காத்திருப்பைப் பற்றி ஒன்று. இனிப்பை இப்போதே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும் என்று சொல்லி, குழந்தைகள் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று பார்த்த வால்டர் மிஷலின் ஸ்டான்ஃபோர்ட் சோதனை எல்லோரும் கேள்விப்பட்டதுதான். பொறுத்தவர்கள் பின்னாளில் சிறப்பாக வந்தார்கள் என்பது அதன் பிரபலமான பாதி. டைலர் வாட்ஸ் குழுவினர் 2018இல் அதிகக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்தது, குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் இன்னும் குறைந்தது. அதற்கு முன்பே, 2013இல், செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளிடம் இன்னொன்றைப் பார்த்திருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள், சொன்னதைச் செய்யாதவரிடம் மூன்று நிமிடம்தான். ஆகவே பொறுமையைக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்றால் 'அடுத்த வாரம் போகலாம்' என்று சொன்னதை அடுத்த வாரம் செய்துகாட்டுங்கள்.

படி 9: தொழில்களைக் காட்டுவது

'பெரியவளானதும் என்ன ஆகப்போறே?' என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், தெரிந்த நான்கைந்து தொழில்களில் ஒன்றைத்தான் அது பதிலாகக் கறக்கும். இந்த வயதில் தேவை, எத்தனை விதமான வேலைகள் இருக்கின்றன என்று கண்ணால் பார்ப்பதும், எந்தக் கதவையும் அவசரப்பட்டு மூடாமல் இருப்பதும்.

கதவுகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் மூடுகின்றன. ஆறிலிருந்து எட்டு வயதுக்குள்ளேயே குழந்தைகள் இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை என்று பிரித்துத் தங்களுக்குப் பொருந்தாததைக் கழித்துவிடத் தொடங்குகிறார்கள் என்று லிண்டா காட்ஃபிரட்சன் 1981இல் எழுதினார். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்ன ஆய்வு 1983இல் வெளியானது. அத்தனை படங்களில் பெண் விஞ்ஞானிகள் வெறும் 28, அந்த 28ஐயும் வரைந்தவர்கள் பெண் பிள்ளைகள்தான். ஒரு பையன்கூட வரையவில்லை.

இதற்கு மாற்றாக நிஜ மனிதர்களைச் சந்திக்க வையுங்கள். மின்சாரம் பார்க்கிறவர், செவிலியர், ஓட்டுநர், மென்பொருள் எழுதுகிறவர், தையல்காரர் என்று உங்களுக்குத் தெரிந்த வட்டமே போதும். கேள்விகளைக் குழந்தையே தயார் செய்யட்டும். 'என்ன படிச்சீங்க'வைவிட 'உங்க வேலையில எது ரொம்பக் கஷ்டம்?', 'தப்பாப் போனா என்ன செய்வீங்க?', 'எந்தக் கருவி இல்லாம வேலையே ஓடாது?' போன்றவற்றுக்குச் சுவையான பதில் வரும். போய்வந்தபிறகு, இந்த வேலையில் நீ இப்போதே செய்யும் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். செவிலியர் கையெழுத்திடும் முன் மருந்தின் பெயரை மறுபடி சரிபார்த்தார், நானும் பையில் அப்படித்தான் தொட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் அந்த நாளைக்கு அது போதும்.

இணையமும் இப்போது தொழில் உலகின் பகுதிதான். இந்த வயதுக்கு இரண்டு பழக்கம் போதும்: கடவுச்சொல், ஓடிபி, முகவரி ஆகியவற்றை யாருக்கும் சொல்லக்கூடாது, திரையில் வந்த பதிலை, அது தேடுபொறி தந்ததோ செயற்கை நுண்ணறிவு தந்ததோ, இன்னோர் இடத்தில் ஒத்துப்பார்க்காமல் நம்பக்கூடாது.

படி 10: நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில்

ஆசிரியர்களுக்கு மேலே சொன்ன பலவும் எட்டாக் கனியாகத் தோன்றலாம். தனிப் பாடவேளை தேவையில்லை, வகுப்பு ஓடுவதற்கு ஏற்கனவே நடக்கும் வேலைகளைப் பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுங்கள். கரும்பலகை, வருகைப் பதிவு எண்ணிக்கை, நூல் அலமாரி, விளக்கு மின்விசிறி அணைப்பது, வராத பிள்ளைக்கு அன்றைய பாடத்தைச் சொல்வது. ஒரு வேலை ஒரு வாரத்துக்காவது ஒருவரிடமே இருக்கட்டும், தினம் மாற்றினால் யாருக்கும் பொறுப்பு ஒட்டாது. வாரக் கடைசியில் பழைய ஆள் புதிய ஆளுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்து ஒப்படைக்கவேண்டும். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்று பிள்ளைக்கே விளங்கும். பொறுப்புகளை மதிப்பெண் வரிசைப்படி மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கடைசி பெஞ்சில் யாருக்கும் தேவையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் சாவியை வைத்திருக்கும் வேலை அதிகம் தேவை.

எப்படி அளப்பது?

மதிப்பெண் போடாதீர்கள், நட்சத்திரம் ஒட்டுவதும் சில வாரங்களில் புளித்துவிடும். நினைவூட்டல்களை எண்ணுங்கள். முதல் வாரம் ஒரு வேலைக்கு நாளுக்கு நான்கு தடவை சொல்லவேண்டியிருந்தது, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை என்றால் அதுதான் முன்னேற்றம். நினைவூட்டலே இல்லாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால் அடுத்த வேலையைக் கொடுக்கலாம், அதற்கு முன் வேண்டாம். விடுமுறை முடிந்து வரும்போது சற்றுப் பின்வாங்கும், அது சகஜம், படி 3இல் சொன்ன 'இருவரும் சேர்ந்து செய்வது' என்ற நிலைக்குச் சில நாள் திரும்பிப் போங்கள்.

நடுவில் வரும் சிக்கல்கள்

குழந்தை ஒரு நாள் "இது எனக்கு போர், நான் செய்யமாட்டேன்" என்று உட்கார்ந்துவிடும். வேலையை மாற்றிக்கொள்ளலாம், வேலையே இல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லி இரண்டு மாற்று வேலைகளைக் காட்டுங்கள். உண்மையிலேயே களைத்திருந்தால், உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் செய்துகொடுங்கள், வீட்டில் ஒருவருக்கொருவர் அப்படித்தானே இருக்கிறோம்.

வீட்டில் இன்னொருவர், தாத்தா பாட்டியோ அப்பாவோ, "பாவம் குழந்தை" என்று எல்லாவற்றையும் செய்துகொடுத்துக்கொண்டிருந்தால் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். குழந்தை அவர்களுக்காகச் செய்யும் ஒரு வேலையை ஏற்பாடு செய்துவிடுங்கள். பாட்டியின் கண்ணாடியை ராத்திரி துடைத்து அதே இடத்தில் வைப்பது, தாத்தாவின் மாத்திரை நேரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது. தனக்காகப் பேத்தி ஒரு வேலையைப் பொறுப்பாகச் செய்வதைப் பார்த்த பாட்டி, அவள் வேலையில் கைவைப்பதைத் தானாகவே குறைத்துக்கொள்வார். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மட்டும் பெரியவர்களிடமே இருக்கட்டும்.